மொய்ங்காவா, விட்ட மாத்திரையா?

பெகு மாமா:
போன வாரம் இங்கே ஒருவர், "வலிப்புக்கும் சாப்பாட்டுக்கும் சம்பந்தமே இல்லை" என்று எழுதியிருந்தார். படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. என் அண்ணன் மகன் வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவன். தீமிதி முடிந்த மறுநாள் காலை கடையில் மொய்ங்கா, அதுதான் நம் பர்மாவின் மீன் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ், சாப்பிட்டான். அரை மணியில் கை கால் இழுத்து, நுரை தள்ளி விழுந்துவிட்டான். கடைக்காரி எம்எஸ்ஜியை, அந்த அஜினமோட்டோ உப்பை, அள்ளி அள்ளிப் போட்டதை நானே பார்த்தேன். எம்எஸ்ஜி ஒவ்வாமைதான் காரணம். அதை நிறுத்தினால் மாத்திரையே வேண்டாம்.

யாங்கூன் செல்வி:
மாமா, அந்தக் கடைசி வரியை முதலில் எடுங்கள். என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு. மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு நிற்காமல் அடுத்தடுத்து வரும், உயிரே போகலாம். இதைப் படித்துவிட்டு ஒரு தாய் மாத்திரையைத் தூக்கிப் போட்டால் யார் பொறுப்பு? தீமிதி ராத்திரி பையன் தூங்கினானா? மாத்திரை போட்டானா?

பெகு மாமா:
ராத்திரி முழுக்க கரகத்தோடு சுற்றினான். விரதத்தில் மாத்திரை எப்படிப் போடுவது? ஆனால் விழுந்தது எப்போது? மொய்ங்கா சாப்பிட்ட அரை மணியில். அதற்குப் பதில் சொல்லு தங்கச்சி.

யாங்கூன் செல்வி:
பதிலை நீங்களே எழுதிவிட்டீர்களே! தூக்கம் கெடுவதும் மாத்திரை விடுவதும்தான் வலிப்பைக் கிளப்புவதில் முதலில் நிற்பவை. பையனுக்கு இரண்டும் ஒரே ராத்திரியில் நடந்திருக்கிறது. மொய்ங்கா சாப்பிடாமல் இட்லி சாப்பிட்டிருந்தால் இட்லியைத் திட்டியிருப்பீர்கள்.

தட்டோன் வாத்தியார்:
முதலில் ஒவ்வாமை என்றால் என்ன என்று தெளிவாக்கிக்கொள்வோமா? உடம்பின் எதிர்ப்புச் சக்தி ஓர் உணவின் மேல் பாய்வது ஒன்று. பால் குடித்தால் வயிறு உப்புகிற மாதிரி, செரிக்காமல் போவது வேறு. இரண்டையும் கலந்து பேசினால்...

பெகு மாமா:
வாத்தியார் பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார். அரை மணி, ஐயா. அரை மணி.

யாங்கூன் செல்வி:
சரி, அந்த அரை மணிக்கே வருகிறேன். அந்தக் கிண்ணத்தில் மீன் இருந்தது, வாழைத்தண்டு இருந்தது, வறுத்த அரிசி மாவு, மீன் சாறு, முட்டை, பருப்பு வடை எல்லாம் இருந்தது. எம்எஸ்ஜி மட்டும் எப்படி மாட்டியது? எம்எஸ்ஜியில் இருப்பது குளூட்டமேட். மூளையில் நரம்பைத் தூண்டுகிற பொருளும் அதுதான் என்பது உண்மை, அதை வைத்துத்தான் இந்தப் பயம் கிளம்பியது. ஆனால் சாப்பிடுகிற குளூட்டமேட்டைக் குடலே பெரும்பாலும் செலவழித்துவிடும். இரத்தத்தில் கலக்கிற கொஞ்சமும் மூளைக்குள் லேசில் நுழையாது. தக்காளியிலும், உங்கள் வீட்டு நாப்பியிலும் (புளித்த மீன் விழுது) இருப்பது அதே குளூட்டமேட்தான். நாப்பி இல்லாமல் மாமா ஒரு வேளை சோறு சாப்பிட்டதுண்டா?

மோல்மீன்காரன்:
அக்கா எல்லாம் தெரிந்த மாதிரி பேசுகிறார். 1989இல் லண்டன் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வைப் பார்த்திருக்கிறாரா? வலிப்பு இருந்த குழந்தைகளுக்கு ஒரு சில உணவு மட்டும் கொடுத்துப் பத்தியம் வைத்தார்கள். 45 பேரில் 25 பேருக்கு வலிப்பே நின்றது. மாமா சொல்வதில் நியாயம் இருக்கிறது.

யாங்கூன் செல்வி:
பார்த்திருக்கிறேன் தம்பி, நீ விட்ட பாதியையும் சேர்த்து. அந்த 45 குழந்தைகளுக்கும் வலிப்போடு ஒற்றைத் தலைவலியோ அடங்காத துறுதுறுப்போ இருந்தது. அதே ஆய்வில் வலிப்பு மட்டும் இருந்த 18 பேரில் ஒருவருக்கும் பத்தியத்தால் பலன் இல்லை. உங்கள் பையனுக்குத் தலைவலி உண்டா மாமா?

பெகு மாமா:
தலைவலி எனக்குத்தான், உன்னால். அரை மணிக்கு இன்னும் பதில் இல்லை.

மோல்மீன்காரன்:
அப்படியென்றால் கீட்டோ உணவு? 1921இலேயே அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர் வைல்டர் வலிப்புக்கு அதைச் சொல்லிவிட்டார். சாப்பாட்டால் வலிப்பு அடங்கும் என்றால் சாப்பாட்டால் வலிப்பு வரவும் செய்யும்.

யாங்கூன் செல்வி:
அது ஒவ்வாத உணவை விலக்குகிற பத்தியம் இல்லை. சோறு, சர்க்கரையை அடியோடு குறைத்து, கொழுப்பைக் கொட்டி, உடம்பைக் கொழுப்பில் ஓட வைப்பது. மாத்திரைக்கு அடங்காத குழந்தைகளுக்கு மருத்துவர் கண்காணிப்பில் கொடுப்பார்கள். வீட்டில் நாமாகச் செய்கிற காரியம் இல்லை.

தட்டோன் வாத்தியார்:
சாப்பாட்டையும் வலிப்பையும் இந்த நாட்டில் சேர்த்துப் பேசுவதென்றால் நாடாப்புழுவைப் பேசுங்கள். பன்றி நாடாப்புழு மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்குகிறது.

மோல்மீன்காரன்:
ஆ, வந்துவிட்டது! பன்றிக்கறி சாப்பிடுகிறவர்களைக் குத்தாமல் வாத்தியாருக்குத் தூக்கம் வராது. போன வருஷம் கோயில் அன்னதானத்திலும் எங்கள் குடும்பத்தைத் தனிப் பந்தியில் உட்கார வைத்தவர்தானே இவர்?

தட்டோன் வாத்தியார்:
பந்தி பிரித்தது நான் இல்லை, கமிட்டி. கணக்குக் கேட்டதால் என் மேல் பாய்கிறாய்.

யாங்கூன் செல்வி:
இரண்டு பேரும் நிறுத்துங்கள். மூளைக்குப் போவது கறியில் இருக்கும் புழு இல்லை, புழுவின் முட்டை வயிற்றுக்குள் பொரிந்து வரும் குஞ்சு. அந்த முட்டை, புழு உள்ளவர் கழிவிலிருந்து கீரைக்கும் தண்ணீருக்கும் கழுவாத கைக்கும் வருகிறது. சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரும். அரைவேக்காட்டுப் பன்றிக்கறி சாப்பிட்டால் குடலில் புழு வளரும், அவர் ஊருக்கே முட்டை பரப்புவார். மாமா, பையனுக்குத் தலை ஸ்கேன் எடுத்தீர்களா? அதைச் சொல்லுங்கள்.

பெகு மாமா:
ஸ்கேனுக்கு நீ பணம் தருகிறாயா? சாவிக்கொத்தைக் கையில் கொடுத்தோம், ஐந்து நிமிஷத்தில் எழுந்துவிட்டான். எம்எஸ்ஜி விஷம் இரும்பில் இறங்கியது.

யாங்கூன் செல்வி:
ஐயோ, சாவியா! பெரும்பாலான வலிப்பு சில நிமிஷத்தில் தானாக நிற்கும், அந்த நேரத்தில் கையில் எது இருந்தாலும் அதற்குப் பெயர் கிடைக்கும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தலைக்கடியில் துணி வையுங்கள், வாயில் எதையும் திணிக்காதீர்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்கள். இன்று ராத்திரி மாத்திரை கொடுத்தீர்களா?

பெகு மாமா:
என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் இரும்புதான். நீ நேற்று வந்தவள்.

மோல்மீன்காரன்:
வாத்தியாரே, அன்னதானக் கணக்கு எங்கே? அதற்குப் பதில் சொல்லாமல் நழுவாதீர்கள்.

யாங்கூன் செல்வி:
மாமா, மாத்திரை கொடுத்தீர்களா இல்லையா?