ஆகஸ்டிலேயே கிறிஸ்துமஸ் மரம்: உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்கள்

ஆகஸ்ட் கடைசி வாரம், தாங்க முடியாத புழுக்கம். மேசை மின்விசிறி ஒன்று வாங்கக் கடைக்குப் போனேன். விசிறிகள் இருந்த இடத்தில் பஞ்சுப் பனி ஒட்டிய பிளாஸ்டிக் மரம் நின்றது. பக்கத்தில் சிவப்புத் தொப்பிகள், பளபளக்கும் உருண்டைகள், சுவர் முழுக்க சீரியல் விளக்குகள். விசிறி கேட்டதற்கு, "சீசன் முடிஞ்சிருச்சுங்க, எடுத்துட்டோம்" என்றார் அங்கிருந்த பையன்.

சரி, அதைக்கூட விட்டுவிடலாம். டிசம்பர் 20 வாக்கில் எங்கள் வீட்டு விளக்குச் சரம் எரியாமல் போனது. அதே கடைக்கு ஓடினேன். ஆகஸ்டில் அத்தனை தொங்கின, இப்போது ஒன்றுகூட இல்லை. அந்தத் தட்டில் காதலர் தினத்துக்கான இதய பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நாலு மாதம் முன்பு கிடைத்த பொருள், பண்டிகைக்கு ஐந்து நாள் இருக்கும்போது கிடைக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது இதனால்தான். அந்தப் பையனிடம் கொஞ்சம் சத்தமாகவே பேசிவிட்டேன்.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

*

நான் ஒரு பெரிய கடையில் மூன்று வருடம் சரக்கு அடுக்கும் வேலை பார்த்தேன். உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

பண்டிகைச் சரக்குக்குப் பல மாதங்களுக்கு முன்பே ஆர்டர் போட்டுவிடுவார்கள். பெரும்பாலும் கப்பலில் கண்டெய்னராக வரும். தாமதமாகிவிடக் கூடாது என்ற பயத்தில் சீக்கிரமே வரவழைப்பார்கள். வந்ததைக் கிடங்கில் வைத்திருந்தால் இடத்துக்கும் பணம், பராமரிப்புக்கும் பணம். அதனால் நேராகக் கடைக்குள் இறக்கிவிடுவார்கள். இன்னொன்று, பண்டிகை முடிந்த மறுநாளே அந்தப் பொருளின் மதிப்பு விழுந்துவிடும். பாதி விலைக்குத் தள்ள வேண்டியிருக்கும். ஆகவே மேலிடத்தின் பெரிய பயம், சரக்கு தீர்ந்துவிடுமே என்பது இல்லை, மிஞ்சிவிடுமே என்பதுதான். ஒரு தடவை வாங்குவார்கள்; தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுபடி வராது. உங்கள் விளக்கு டிசம்பரில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான்.

இந்த முடிவு எதிலும் கடையில் நிற்பவருக்குப் பங்கு கிடையாது. ஆனால் வருகிறவர்களின் எரிச்சல் முழுவதும் அவர் மேல்தான் இறங்கும். ஒரே பாட்டுகளை வாரக்கணக்கில் நாள் முழுக்கக் கேட்டு, பண்டிகை நாளில் வீட்டில் அதே பாட்டு ஒலித்தபோது எழுந்து போய் நிறுத்தியிருக்கிறேன். அந்த வேலையை விட்டு இத்தனை வருடமாகியும் அந்தப் பாட்டுகளை ரசிக்க முடியவில்லை.

*

எங்களுக்கு நடந்தது பள்ளி விடுமுறையில். லீவு விட்டு முதல் வாரம்தான் ஆகியிருந்தது, மகளோடு கடைக்குப் போனோம். வாசலிலேயே 'பள்ளிக்குத் திரும்பத் தயாரா?' என்று பெரிய பலகை. பைகள், நோட்டுகள், தண்ணீர் பாட்டில்கள். "லீவு முடிஞ்சிடுச்சாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லியும் அன்று முழுவதும் முகம் வாடியே இருந்தது. ஏழு வயதுக் குழந்தை.

*

எனக்குச் சீக்கிரம் விற்பது உதவியாகவே இருக்கிறது. உறவினர்கள் கடல் தாண்டி இருக்கிறார்கள். கப்பல் பார்சல் போய்ச் சேர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் ஆகும். அக்டோபருக்குள் வாங்கினால்தான் சரியான நேரத்துக்குப் போகும். மூன்று மாதச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கவும் முடிகிறது. பிலிப்பைன்ஸில் செப்டம்பரிலேயே கிறிஸ்துமஸ் காலம் தொடங்கிவிடும். மக்களே விரும்பித்தான் தொடங்குகிறார்கள். அமெரிக்காவில் 1900களின் தொடக்கத்தில், 'சீக்கிரம் வாங்குங்கள்' என்று கேட்டுக்கொண்டவர்களில் புளோரன்ஸ் கெல்லி தலைமையிலான தேசிய நுகர்வோர் லீக் என்ற அமைப்பும் உண்டு. கடைசி நேர நெரிசலில் கடை ஊழியர்கள் இரவு வரை வதைபடக் கூடாது என்பதற்காகக் கேட்டார்கள்.

*

அமெரிக்காவின் இன்னொரு கதையும் இருக்கிறது. 1939இல் நன்றி தெரிவிக்கும் நாள் (தேங்க்ஸ்கிவிங் என்ற அங்குள்ள விடுமுறை) நவம்பர் 30ஆம் தேதி வருவதாக இருந்தது. அந்த நாளுக்கு முன் கிறிஸ்துமஸ் விற்பனையை விளம்பரப்படுத்துவது முறையல்ல என்று அப்போது கருதினார்கள். வியாபார நாட்கள் குறைகின்றன என்று வணிகர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் அந்த நாளையே ஒரு வாரம் முன்னுக்கு நகர்த்தினார். பெரிய சண்டையாகி, பாதி மாநிலங்கள் ஏற்கவில்லை. 1941இல் நவம்பரின் நான்காவது வியாழன் என்று சட்டம் போட்டுத்தான் முடித்தார்கள். அன்று கடைகள் ஒரு நாளுக்கு முன்னால் தொடங்கக் கூசின. அந்தக் கூச்சம் போய்விட்டதுதான் எனக்கு வருத்தம்.

*

முதலில் எழுதியவன் நான்தான். கப்பல் பார்சல் விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. அவர்களுக்காகச் சீக்கிரம் வைக்கட்டும், தவறில்லை. பண்டிகை வரைக்கும் ஒரு தட்டையாவது விட்டுவைத்தால் போதும். இதைக் கடையின் மேலாளருக்கு எழுதப் போகிறேன். அடுக்கும் வேலை பார்த்த நண்பரே, அப்படி எழுதினால் சரக்கு வாங்குபவர்கள் வரை போகுமா? அந்தப் பையனை மறுபடி பார்த்தேன் என்றால், அன்று சத்தம் போட்டதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும்.