கலாமா, கேப்டன் லட்சுமியா? தில்லி மயூர் விகார் தமிழ்க் குழுவில் ஜூலை 25

நடராஜன் சார், காலை 9.12
இன்று ஜூலை 25. 2002 இல் இதே நாளில்தான் அப்துல் கலாம் குடியரசுத் தலைவராகப் பதவியேற்றார். அவரைவிடத் தகுதியான ஒருவர் அந்த மாளிகைக்குள் போனதில்லை. எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் போட்ட வாக்குகளின் மதிப்பைப் பாருங்கள்: கலாமுக்கு 9,22,884, எதிர்த்து நின்றவருக்கு 1,07,366.

டாக்டர் விசாலம், 9.20
எதிர்த்து நின்றவருக்குப் பெயர் கிடையாதா சார்? கேப்டன் லட்சுமி சேகல். சென்னையில் பிறந்து, மருத்துவம் படித்து, 1943 இல் சிங்கப்பூரில் நேதாஜியின் பெண்கள் படையான ஜான்சி ராணிப் படைக்குத் தலைமை ஏற்றவர். தமிழ்க் குழுவிலேயே அவர் பெயரை விழுங்கினால் எப்படி?

நடராஜன் சார், 9.24
தியாகத்தை நான் மறுக்கவில்லை டாக்டர். பதவிக்குரிய திறமை வேறு. அவருக்கு அப்போது 87 வயது. காங்கிரஸே கலாமை ஆதரித்துவிட்டது. தோற்போம் என்று தெரிந்தே இடதுசாரிகள் அவரை நிறுத்தினார்கள்.

டாக்டர் விசாலம், 9.26
தெரிந்தே நின்றார். அதனால்தான் தேர்தல் என்று ஒன்று நடந்தது. 1977 இல் சஞ்சீவ ரெட்டி போட்டியே இல்லாமல் தேர்வானார். அதுதான் அழகா?

பஷீர் பாய், 9.41
நான் ராமநாதபுரத்துக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. 1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட்டை ஏவும் நேரத்தில் கணினி நிறுத்தச் சொன்னது. ஏவலாம் என்று முடிவெடுத்தவர் கலாம். ராக்கெட் கடலில் விழுந்தது. பத்திரிகையாளர்கள் முன்னால் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவன் பழியைத் தம் மேல் போட்டுக்கொண்டார். மறு ஆண்டு ரோகிணி செயற்கைக்கோள் சுற்றுப்பாதைக்குப் போனதும், பேசச் சொல்லிக் கலாமை அனுப்பினார். அந்தப் பள்ளியில் வளர்ந்தவரிடம் திறமைக்குக் குறை தேடாதீர்கள்.

டாக்டர் விசாலம், 9.55
குறை தேடவில்லை பாய். 1984 இல் திரிலோக்புரியில் சீக்கியர்களுக்கு நடந்த கொடுமையை இந்தக் குழுவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை, பக்கத்துப் பேட்டைதான். அதே நாட்களில் கான்பூரில், எழுபது வயதில், தம் மருத்துவமனை இருந்த தெருவில் இறங்கிக் கும்பலை எதிர்த்து நின்றார் லட்சுமி. அந்தப் பகுதியில் சீக்கியர் கடை ஒன்றைக்கூடத் தொட விடவில்லை. நெருக்கடியில் தலைமை தாங்குவது திறமை இல்லையென்றால் வேறு எது?

செல்வி டீச்சர், 9.57
இது எனக்குத் தெரியாது டாக்டர். பிள்ளைகளிடம் சொல்கிறேன்.

சரவணன் (வழக்கறிஞர்), 10.15
பெரியவர்கள் மன்னிக்க வேண்டும். அரசியல் சட்டத்தின் 58 ஆவது பிரிவு கேட்பது மிகக் குறைவு. இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும், 35 வயது நிரம்பியிருக்க வேண்டும், மக்களவைக்கு நிற்கும் தகுதி வேண்டும், அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவியில் இருக்கக் கூடாது. அவ்வளவுதான். அந்த மேசைக்கு வரும் கோப்பை என்ன செய்கிறார் என்பதில்தான் திறமை தெரியும்.
2005 மே 22 இரவு. பீகார் சட்டமன்றத்தைக் கலைக்க அமைச்சரவை நள்ளிரவை ஒட்டி முடிவெடுக்கிறது. கலாம் மாஸ்கோவில் இருக்கிறார். காகிதம் ஃபேக்ஸில் போகிறது, கையெழுத்தாகித் திரும்புகிறது. தேர்வான உறுப்பினர்கள் ஒரு நாள்கூடக் கூடி உட்காராத சபை அது. கலைத்தது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் பிறகு சொன்னது. விடியும்வரை அந்தக் காகிதம் காத்திருக்கக் கூடாதா?

நடராஜன் சார், 10.22
அந்த அமைச்சரவையை வெளியிலிருந்து தாங்கிப் பிடித்தது யார்? டாக்டரின் இடதுசாரிகள்தான்! பழி மட்டும் கலாமுக்கா? அமைச்சரவை சொல்கிறபடி நடக்க வேண்டும் என்று 74 ஆவது பிரிவு அவர் கையைக் கட்டுகிறது.

டாக்டர் விசாலம், 10.23
தாங்கினார்கள். அதற்காக அந்தக் கலைப்பை நான் நியாயப்படுத்தப் போவதில்லை.

சரவணன் (வழக்கறிஞர்), 10.30
நடராஜன் மாமா, அதே 74 ஆவது பிரிவு, மறுபரிசீலனை செய்யுங்கள் என்று ஒருமுறை திருப்பி அனுப்பும் உரிமையையும் கொடுக்கிறது. கலாமுக்கு முன்பு இருந்த கே.ஆர். நாராயணன், குடியரசுத் தலைவர் ஆட்சி கேட்டு வந்த உத்தரப் பிரதேசக் கோப்பை 1997 இல் திருப்பினார், பீகார் கோப்பை 1998 இல் திருப்பினார். முதலில் ஐக்கிய முன்னணி அரசு, அடுத்து வாஜ்பாய் அரசு. கட்சி பார்க்கவில்லை. இரண்டு அரசுகளும் பின்வாங்கின.

செல்வி டீச்சர், 10.38
கலாமும் திருப்பியிருக்கிறார் தம்பி. எம்.பி.க்கள் வகித்த சில பதவிகளுக்கு விலக்கு தரும் ஆதாயப் பதவி மசோதாவை 2006 இல் கையெழுத்திடாமல் நாடாளுமன்றத்துக்கே அனுப்பினார். அவர்கள் மாற்றாமல் மறுபடி அனுப்பிய பிறகு சட்டப்படி ஒப்புதல் கொடுத்தே ஆக வேண்டும். பீகார் தீர்ப்புக்குப் பின் விலகல் கடிதம் எழுதி வைத்ததையும் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். மனசாட்சி உறுத்தாதவர் அதைச் செய்ய மாட்டார்.

டாக்டர் விசாலம், 10.52
கருணை மனுக்களையும் சொல்லுங்கள். ஐந்து ஆண்டுகளில் இரண்டில்தான் முடிவெடுத்தார். மற்றவை அடுத்தவர் தலையில். ராஜீவ் கொலை வழக்கில் தூக்கு விதிக்கப்பட்ட பேரறிவாளன் மனு 2000 இல் போனது. 2011 இல் தள்ளுபடியானது. தாமதத்தைக் காரணம் காட்டி 2014 இல் தூக்கு ஆயுளாகக் குறைந்தது. அத்தனை ஆண்டும் அவருடைய தாய் அற்புதம்மாள் வாசல் வாசலாக அலைந்தார். ஒரு தாய்க்கு அதைவிடக் கொடுமை உண்டா?

நடராஜன் சார், 10.58
அதில் ஐந்து ஆண்டுக்கு மேல் மனு உள்துறை அமைச்சகத்திலேயே கிடந்தது. மாளிகைக்கு வந்ததே 2005 இல்தான். நான் அரசாங்கக் கோப்புகளோடு வாழ்ந்தவன் டாக்டர். மேசைக்கு வராத கோப்புக்கு மேசைக்காரரைத் திட்டாதீர்கள்.

டாக்டர் விசாலம், 11.01
வந்த பிறகு இரண்டு ஆண்டு இருந்ததே?

பஷீர் பாய், 11.06
ஒருவரைத் தூக்குக்கு அனுப்பக் கை தயங்கியதா? தயங்கட்டும் அம்மா. அந்தத் தயக்கத்துக்காகவே அவரை நான் கூடுதலாக மதிப்பேன்.

சரவணன் (வழக்கறிஞர்), 11.10
தயங்குகிறவர் ஆயுளாகக் குறையுங்கள் என்று அரசுக்கு எழுதிக் கேட்கலாம் பாய். ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தால் உள்ளே இருப்பவன் ஒவ்வொரு காலையும் சாகிறான்.

டாக்டர் விசாலம், 11.19
லட்சுமி வென்றிருந்தால் என்ன செய்திருப்பார் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் யாரிடமும் அனுமதி கேட்காமல் கான்பூர் தெருவில் இறங்கியவர், மாஸ்கோவுக்கு இரவில் வந்த காகிதத்தில் ஏன் என்று ஒரு வார்த்தை எழுதியிருப்பார். என் வாக்கு அவருக்கே.

நடராஜன் சார், 11.23
2006 இல் கலாம் எழுதிய ‘ஏன்’ எழுத்தில் இருக்கிறது. நீங்கள் சொல்வது ஊகம். என் வாக்கு கலாமுக்கே.