புதுப்பிப்பு: ஜப்பான் பயணத்துக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது

வெளிநாட்டு மாணவர்களைக் குறுகிய காலத்துக்கு ஜப்பானுக்கு அழைக்கும் சகுரா அறிவியல் பரிமாற்றத் திட்டத்துக்குத் தேர்வான எங்கள் செங்கோட்டை மாணவியின் பாஸ்போர்ட் சிக்கலைச் சொல்லி வழி கேட்டிருந்தேன். கைக்கு வந்துவிட்டது! கேரளத்தின் புனலூரில் பிறந்தவள். பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் பெயர் முதலெழுத்தோடும் ஆதாரில் விரிவாகவும் இருந்ததுதான் தடை. ஆதாரைத் திருத்தியதும் தீர்ந்தது. பெற்றோர் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்துப் போடவென்றே, ரப்பர் பால் வெட்டும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு அப்பா ஆரியங்காவிலிருந்து வந்தார்.

செலவைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: 2014இல் தொடங்கிய இத்திட்டத்தில் விமானக் கட்டணத்தையும் தங்குமிடத்தையும் ஜப்பான் தரப்பே ஏற்கிறது. மாணவர்கள் தாமாக விண்ணப்பிக்க முடியாது. இவள், பள்ளி மாணவர்களின் புதிய யோசனைகளுக்கு மத்திய அரசு நடத்தும் இன்ஸ்பயர் மானக் போட்டி வழியாகப் போகிறாள். மழைக்காலத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் பெட்டி செய்தவள். தலைமை ஆசிரியர்களே, உங்கள் பிள்ளைகளின் யோசனைகளையும் அந்தப் போட்டிக்குக் கட்டாயம் பதிவேற்றுங்கள்.