கமராவுக்கு ‘அளவுத்திருத்தம்’ பொருந்துமா?

அன்பின் நண்பர்களுக்கு,

கமராவால் அளக்கத் தொடங்குமுன் செய்கிற ‘கலிபிரேஷன்’ (calibration) வேலைக்குத் தமிழில் ‘அளவுத்திருத்தம்’ என்ற சொல்லே போதும் என்று மதுரை அண்ணா எழுதியிருந்தார். எனக்கு உடன்பாடில்லை.

நான் இரத்மலானையில், இறப்பர் வளையங்களைக் கமராவால் அளந்து பிரிக்கும் சிறு பட்டறை ஒன்றில் வேலை. சதுரங்கக் கட்டத் தாளை வெவ்வேறு சரிவில் பிடித்து இருபது படம் எடுப்போம். கணினிப்பார்வை ஆய்வாளர் ஜெங்யோ ஜாங் 2000இல் வெளியிட்ட முறைதான். படங்களை ஆராயும் ஓப்பன்சிவி (OpenCV) மென்பொருளில் தயாராகவே இருக்கிறது. கடைசியில் கிடைப்பவை குவியத்தூரம், ஒளியச்சு படத்தில் விழும் புள்ளி, வில்லை படத்தை எவ்வளவு வளைக்கிறது என்று சொல்லும் திரிபுக் குணகங்கள். கமராவில் ஒரு திருகாணிகூட அசையவில்லை. அப்படியானால் எதைத் திருத்தினோம்? அதன் குணத்தை அறிந்துகொண்டோம், அவ்வளவுதான். அளவீட்டு அறிவியலாருடைய பன்னாட்டுச் சொற்றொகுதியிலும், கருவியைச் சரிசெய்வதோடு இதைக் குழப்பாதீர்கள் என்று தனிக் குறிப்பே உண்டு.

எங்கள் உயர்தரப் பௌதிகவியலில் வந்த ‘அளவுகோடிடல்’ வெப்பமானிக்குச் சரி, குழாயில் கோடு கீறலாம். வில்லையில் எங்கே கீறுவது?

தெரிந்த அளவோடு ஒப்பிட்டுத்தானே கமராவை அறிகிறோம்? ஆகவே ‘அளவொப்பிடல்’ என்கிறேன். ‘அளவொப்பிட்ட கமரா’, ‘அளவொப்புத் தாள்’ என்று இழுத்த இழுப்புக்கு வருகிறது. ஒப்பு என்றால் கையொப்பம் ஞாபகம் வருகுதே அண்ணை என்று பக்கத்து மேசைத் தம்பி சிரித்தான். வரட்டுமே.

ஒப்பிடாமல் விட்டு நான் பட்டதையும் சொல்லவேண்டும். வெள்ளவத்தையில் அச்சடித்த தாளில் ஒரு கட்டம் 25 மில்லிமீற்றர் என்று நம்பிக் கணக்கை ஓட்டினேன். கணித்த புள்ளிக்கும் படத்தில் உள்ள புள்ளிக்கும் இடையிலான வழு அரைப் பிக்சலுக்கும் கீழே. சந்தோசம். ஆனால் 40 மில்லிமீற்றர் வளையம் 41.2 என்று வந்தது. மூன்று நாள் வில்லையைத் திட்டினேன். பிறகு வேணியர் இடுக்கிமானியைத் தாளில் வைத்துப் பார்த்தால், நாலு கட்டம் சேர்ந்தே 97தான்! தாளுக்குள் அடங்கட்டும் என்று அச்சுப்பொறி சுருக்கியிருக்கிறது. அதைக் கவனிக்காமல் விட்டது நான். எல்லாக் கட்டமும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் அந்த வழு எண் மூச்சே விடாது. தாளையே இன்னொரு அளவோடு ஒப்பிட்டால்தான் பிடிபடும்.

‘திருத்தம்’ வீணாகவும் வேண்டாம். குணகங்களை வைத்து, வளைந்த விளிம்புகளை நேராக்கும் அடுத்த படிக்கு ‘திரிபுத் திருத்தம்’ கச்சிதமாக இருக்கும். அங்கேதான் உண்மையில் ஏதோ திருத்தப்படுகிறது.

மேலே வெறுமனே ‘வழு’ என்று எழுதியதற்கு ‘மீளெறிய வழு’ (reprojection error) சரிவருமா? கணித்த புள்ளியை மறுபடி படத்தில் எறிந்து, விலகலைப் பார்ப்பதால் கேட்கிறேன். வரைதல் படித்தவர்கள் சொல்லுங்கள்.