புதுப்பிப்பு: 35 வோல்ட் கெப்பாசிட்டரை மாற்றியாச்சு, 63-தான் போட்டேன்

முக்கூடல் பக்கம் கோயில் கொடைகளுக்குப் போகிற மைக் செட் ஆம்ப்ளிபயரில் 4700 மைக்ரோபாரட், 35 வோல்ட் கெப்பாசிட்டர் இரண்டும் தலை உப்பியிருக்கு, அதே வோல்ட்டில் திரும்பப் போடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன்.

டிரான்ஸ்பார்மர் 24-0-24, அதாவது நடுக்காலிலிருந்து இரண்டு பக்கமும் 24 வோல்ட் ஏசி. அது டிசி ஆகும்போது கெப்பாசிட்டரில் ஏறுகிற உச்சம் பார்க்க 24-ஐ 1.414-ஆல் பெருக்கினால் 34 வோல்ட். 35 போதும் போலத்தான் தெரியும். ஆனால் அந்த 24, கரண்ட் லைன் 230 வோல்ட் இருந்து முழு லோடும் இழுக்கும்போது வருகிற அளவு. ராத்திரி ஊர் அடங்கினபிறகு லைன் 252 காட்டியது. பாட்டை நிறுத்திவிட்டு மீட்டரை வைத்தால் ஒவ்வொரு பக்கமும் 38.6! வில்லுப்பாட்டுக்கும் சாமியாட்டத்துக்கும் நடுவே செட் சும்மா ஓடுகிற நேரமெல்லாம் கெப்பாசிட்டருக்கு இந்த அடிதான்.

என் கேள்விக்கு 50 வோல்ட் போதும் என்று பதில் சொன்ன அண்ணாச்சியின் கணக்கும் சரியே. ஆனால் இது ஜெனரேட்டரிலும் ஓடுகிற செட், வோல்டேஜ் ஏறி இறங்கும். அதனால் 63 வோல்ட், 105 டிகிரி சூடு தாங்குவதாக வாங்கினேன்.

வோல்ட் கூடினால் சத்தம் மந்தமாகும் என்று இன்னொருவர் எழுதியிருந்தார். ஆகாது. அந்த எண் கெப்பாசிட்டர் தாங்குகிற உச்சம், அவ்வளவுதான். ஆம்ப்ளிபயரின் வோல்டேஜ் அதனால் மாறாது. உருவம்தான் பெருக்கும். விட்டம், உயரம், கால் இடைவெளி மூன்றையும் அளந்துகொண்டு கடைக்குப் போங்க.

கழற்றுமுன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளே தேங்கின சார்ஜ் இறங்க, 1 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை ஒவ்வொரு கெப்பாசிட்டரின் இரண்டு காலுக்கும் குறுக்கே, கை படாமல், அரை நிமிஷம் வையுங்க. மீட்டர் பூஜ்யம் காட்டினபிறகு தொடுங்க. ஸ்குரூடிரைவரால் ஷார்ட் அடிக்கவே வேண்டாம்.