பென் வீகெர்ஸ் ஓவியம்: அசல்தானா என்று பார்க்க உதவி வேண்டும்

வணக்கம். நெதர்லாந்தில் இருக்கும் நண்பர்களும் பழைய ஓவியங்கள் வாங்கிப் பழகியவர்களும் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள்.

இங்கே ஒரு பழைய பொருள் கடையில் சின்ன எண்ணெய் வண்ண ஓவியம் வாங்கினேன். துறைமுகத்தில் மீன்பிடிப் படகுகள், தண்ணீரில் தடித்த தூரிகைத் தீற்றல்கள். வலது மூலையில் 'பென் வீகெர்ஸ்' என்று கையெழுத்து. நெதர்லாந்தின் டென் ஹாக்கில் (தி ஹேக்) 1886-இல் பிறந்து, அந்நாட்டின் நுன்ஸ்பேட் ஊரில் 1947-இல் இறந்த இம்ப்ரெஷனிஸ்ட் (நுணுக்க விவரத்தைவிட ஒளியையும் கணநேரத் தோற்றத்தையும் தீட்டும் பாணி) ஓவியர் அவர். துறைமுகம், துலிப் வயல், ஊர்த் தெரு என்று வரைந்து தள்ளியவர், விற்பனையையும் தானே பார்த்துக்கொண்டவர். எனக்குச் சிக்கலே அதுதான். ஓவிய வணிகர் கை வழியாக வந்திருந்தால் பின்பக்கம் ஒரு சீட்டாவது இருக்கும். இதில் வெறும் பலகைதான்.

டென் ஹாக்கில் உள்ள ஆர்கேடி கலை வரலாற்று நிறுவனத்தின் இணையத் தரவுத்தளத்தில் கையெழுத்தை ஒப்பிடலாம் என்றிருக்கிறேன். வேறு வழி உண்டா? ஏல நிறுவனத்திடம் காட்டினால் மதிப்பிடக் காசு கேட்பார்களா? அப்புறம், மேல்பூச்சு நன்றாக மஞ்சளடித்துவிட்டது. துடைக்கலாமா, நிபுணரிடம்தான் கொடுக்க வேண்டுமா? உருளைக்கிழங்கை வெட்டித் தேய்க்கச் சொன்ன உறவினர் யோசனையை மட்டும் ஏற்பதாக இல்லை!

விற்கும் எண்ணம் இல்லை. போலியாக இருந்தாலும் சுவரில் மாட்டத்தான் போகிறேன். முன்பக்கம், பின்பக்கம், கையெழுத்து மூன்றின் படங்களும் கீழே.