சாப்பிட்ட சாப்பாடே விஷமான அனுபவம்: உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

சாரல்காற்று

நாமக்கல் ஷவர்மா விஷயம் எல்லாருக்கும் தெரியும். 2023 செப்டம்பரில் 14 வயதுப் பெண் இறந்துபோனாள், 40 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். நான் சொல்வது அதற்கு அடுத்த வருஷம், வேறு ஊர், வேறு கடை. அண்ணன் மகனுக்கு ரிசல்ட் வந்த சந்தோஷத்தில் கிரில் சிக்கன் வாங்கிக் கொடுத்தேன். கூடவே கிண்ணத்தில் மயோனைஸ். எனக்கு அது பிடிக்காது, அவன்தான் முழுவதையும் தொட்டுத் தின்றான்.

மறுநாள் மத்தியானம் காய்ச்சல், வாந்தி, தண்ணீர் தண்ணீராகப் போனது. சாயங்காலம் அட்மிட். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தபோது பக்கத்துக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். முந்தின ராத்திரி அதே கடையில் எங்களுக்கு எதிர் மேசையில் உட்கார்ந்திருந்த குடும்பம்! கட்டிலில் கிடந்த சின்னப் பெண் தலையில் அதே சிவப்பு ஹேர்பேண்ட். அவள் அம்மாவும் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

எங்கே சாப்பிட்டீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானே டியூட்டி டாக்டரிடம் போய், "அந்தக் கட்டிலும் எங்க கட்டிலும் ஒரே கடைங்க சார்" என்றேன். "கிளைமேட் சரியில்லம்மா, நிறைய பேருக்கு இப்படித்தான் இருக்கு" என்று போய்விட்டார். மலப் பரிசோதனை எடுக்கவே இல்லை. பையன் தேறிவிட்டான். ஆனால் அன்று அங்கே சாப்பிட்ட மற்றவர்கள் எந்தெந்த ஆஸ்பத்திரியில் படுத்தார்களோ, யார் கணக்கிலும் அது இல்லை. கடை மறுநாளும் திறந்திருந்தது.

அடுப்படி ஆள்

சாரல்காற்று அக்கா, உங்கள் விஷயத்தில் மயோனைஸாக இருக்கலாம். தமிழ்நாட்டில் பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருஷத்துக்குத் தடை செய்தது அதற்காகத்தான். கேரளா 2023லேயே செய்தது, தெலங்கானா 2024 அக்டோபரில். பச்சை முட்டையில் சால்மோனெல்லா என்கிற கிருமி இருந்தால் அதைக் கொல்ல மயோனைஸ் செய்முறையில் எங்கேயும் சூடு கிடையாது. ஆனால் எல்லாப் பழியையும் மயோனைஸ் மேல் போட்டால் கறி தப்பித்துக்கொள்ளும். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஷவர்மா கம்பி பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். கம்பியில் அடுக்கிய கறி வெளியே மட்டும்தான் வேகும், வெந்த பாகத்தைச் சீவச் சீவ உள்ளே இருப்பது வெளியே வரும். கூட்டம் நெருக்கினால் வேகும் முன்பே கத்தி இறங்கிவிடும். கூட்டம் இல்லாதபோதுதான் இன்னும் மோசம். ஒருநாள் மழை, கடையில் ஆளே இல்லை. "கேஸை அணைடா, யாருக்காக எரியுது?" என்றார் ஓனர். அணைத்தேன். கம்பி அப்படியே வெதுவெதுப்பாக நின்றது. மழை விட்டு ஆள் வந்ததும் பற்றவைத்து, மேலாக ஒரு சுற்று காட்டிச் சீவச் சொன்னார். முதல் பார்சல் வாங்கினது பள்ளிக்கூட யூனிஃபார்மில் வந்த இரண்டு பையன்கள். அவர்களுக்கு என்ன ஆனதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம். நான் அந்த மாசக் கடைசியில் நின்றுவிட்டேன்.

5 டிகிரியிலிருந்து 60 டிகிரி வரைக்கும் உள்ள சூடுதான் கிருமி பெருக வசதியான சூடு. கோழிக்கறி உள்ளே 74 டிகிரி தொட வேண்டும். தெர்மாமீட்டர் வைத்திருக்கிற கடையை நான் ஒன்றுகூடப் பார்த்ததில்லை.

குடமுருட்டி

ரெண்டு பேரும் சிக்கனைப் பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் வீட்டில் யாரும் கறி தொட மாட்டோம். சொந்தக்காரர் மகள் கல்யாணத்துக்கு வேன் பிடித்துப் போனோம். விடியற்காலையில் எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் சமையல்காரர் கிளறிக் கொடுத்தார். கொதிக்கக் கொதிக்கப் பொட்டலம் கட்டி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, வேன் பின்சீட்டில் வைத்தாச்சு. சாப்பிட்டது மத்தியானம். வாசனை, ருசி எதிலும் ஒரு குறையும் இல்லை.

உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் ஒருவர் பின் ஒருவராக வாந்தி. டிரைவர் ரோட்டோரம் நிறுத்திவிட்டார். பட்டுப்புடவையோடு அத்தனை பேரும் புளியமரத்தடியில் குனிந்து நின்ற காட்சி கண்ணைவிட்டுப் போக மாட்டேன் என்கிறது. எங்கள் பெரியம்மா அன்று விரதம், வாழைப்பழம் மட்டும் சாப்பிட்டிருந்தார். கைக்குழந்தைகளை எல்லாம் மடியில் வாங்கிக்கொண்டு, யார் பெயரை முதலில் கூப்பிடுவது என்று தெரியாமல் அழுதுகொண்டிருந்தார்.

பாசில்லஸ் செரியஸ் என்று ஒரு கிருமியாம். அதன் வித்து அரிசியிலேயே இருக்கும், சோறு வெந்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகவே கிடந்தால் முளைத்துப் பெருகி நஞ்சு கக்கும். அந்த நஞ்சு மறுபடி சூடு பண்ணினாலும் போகாது. சாப்பிட்ட ஒரு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைக்கும். எங்களுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தியது. சைவம் என்றால் பயமில்லை என்று தயவுசெய்து யாரும் சொல்லாதீர்கள்.

வைகைக்கரை

குடமுருட்டி அம்மா, அப்படிப் பார்த்தால் காலங்காலமாகப் பழைய சோறு சாப்பிட்ட நம் ஜனங்கள் எல்லாம் என்ன ஆனார்கள்? சும்மா பயமுறுத்தாதீர்கள்.

குடமுருட்டி

தம்பி, பழைய சோறு வேறு. தண்ணீர் ஊற்றிப் புளிக்க விடுகிறோம், அந்தப் புளிப்பு மற்ற கிருமிகளை அடக்கி வைக்கும். சூட்டோடு மூடிக் கட்டிப் பெட்டிக்குள் வைத்த சோற்றில் அந்தப் புளிப்பு ஏது? இரண்டையும் ஒன்றாக்கிப் பேச வேண்டாம். அன்று ரோட்டில் நின்றது நான்.

மூன்றாம் மாடி

நான் படித்த கல்லூரி ஹாஸ்டலில் ஒரு ராத்திரி எங்கள் மாடியில் பாதிப் பேருக்குமேல் பாத்ரூம் வாசலில்தான் இருந்தோம். காலையில் யாரோ ஒரு பெண்ணின் அப்பா உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போன் போட்டுவிட்டார். அது வார்டனுக்குத் தெரிந்துவிட்டது. ஜன்னலிலிருந்து பார்த்தேன்: மெஸ் பின்பக்கம் இரண்டு பேர் குண்டானைக் கவிழ்த்துக் குருமாவைச் சாக்கடையில் ஊற்றினார்கள். அப்புறம் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார்கள். அதிகாரி வந்தபோது பாத்திரம் எல்லாம் பளபளவென்று வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. மாதிரி எடுக்க ஒரு கரண்டி குழம்புகூட இல்லை.

"வெளியே பானிபூரி தின்றிருப்பீர்கள்" என்று எங்களையே திட்டினார்கள். எங்கள் ரூமில் ஒருத்தி அந்த வாரம் கேட்டைத் தாண்டவே இல்லை, அவளுக்குத்தான் ரொம்ப முடியாமல் போனது. இதை யாராவது கேட்டிருக்கலாம்.

ஓய்வுபெற்ற லேப்காரர்

நான் வேலை பார்த்த காலத்தில் ஒரு திருவிழா அன்னதானத்துக்கு மறுநாள் வரிசையாக மல மாதிரி டப்பாக்கள் வந்தன. அத்தனையும் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட பிறகு எடுத்தது. ஒன்றிலும் கிருமி வளரவில்லை. "கிருமி இல்லை" என்று ரிப்போர்ட்டில் எழுதியபோது கை நடுங்கியது.

அதனால் எல்லாரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே மலத்தைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும், சிகிச்சை அதுவரை நிற்காது, பயப்பட வேண்டாம். மீதிச் சாப்பாட்டைக் குப்பையில் போடாமல் மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் புகார் கொடுங்கள். கடைசியாகச் சாப்பிட்ட கடை மேலேயே பாயாதீர்கள். சால்மோனெல்லா ஆறு மணி நேரத்திலும் வரும், ஆறு நாள் கழித்தும் வரும். ஆகவே முந்தைய நாட்களில் சாப்பிட்டது எல்லாவற்றையும் எழுதுங்கள். ரத்தம் கலந்து போனால் பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடக் கூடாது. ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தைப் பாதியாகப் பிரித்துக் கரைக்காதீர்கள், அதில் அச்சிட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழுசாகக் கரைக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். என்று பெயர் போட்டு விற்ற சர்க்கரைப் பானங்கள் வேறு, 2025 அக்டோபரில்தான் அந்தப் பெயரை எடுக்கச் சொன்னார்கள். குழந்தைக்குச் சிறுநீர் குறைந்தாலோ கண் உள்வாங்கினாலோ வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

சாரல்காற்று

ஐயா, நல்லதுதான் சொல்கிறீர்கள், ஆனால் இதெல்லாம் நோயாளியின் வேலையா? வாந்தி எடுக்கிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுகிறவள் கல்ச்சருக்கு வாதாட வேண்டுமா? 2006ஆம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 35ஆம் பிரிவு இருக்கிறது. ஃபுட் பாய்சன் கேஸ் வந்தால் டாக்டர்கள் தகவல் தர வேண்டும் என்று உத்தரவு போட அது அதிகாரம் தருகிறது. எங்களுக்குக் கட்டில் போட்ட இடத்தில் அப்படி ஒரு காகிதத்தை யாரும் எடுக்கவில்லை. எனக்குக் கோபம் அங்கேதான்.

அடுப்படி ஆள்

அக்கா சொல்வது சரி. அடுப்பங்கரைப் பக்கமும் ஒன்று விட்டுப்போச்சு. 2022 மே மாசம் காசர்கோடு செறுவத்தூரில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயதுப் பெண் இறந்தாளே, அங்கே கண்டுபிடித்தது ஷிகெல்லா. அது மனுஷன் வயிற்றிலிருந்து கை வழியாகப் போவது, மிகக் கொஞ்சம் கிருமியே போதும். சட்டப்படி எங்களுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மெடிக்கல் செக்கப், டைஃபாய்டு தடுப்பூசி எல்லாம் உண்டு. என் கூட வெங்காயம் வெட்டின ஒடிசாப் பையன் வயிற்றுப்போக்கோடு வந்து நின்றான். பேதி நின்று இரண்டு நாள் ஆகும் வரைக்கும் அவன் சமையல் பக்கமே வரக் கூடாது. லீவு போட்டால் சம்பளம் பிடிப்பார்கள், அவன் எப்படி வீட்டில் இருப்பான்? கிளவுஸ் கொடுத்தார்கள். அதே கிளவுஸோடு கறியையும் தொட்டான், சில்லறையையும் வாங்கினான்.